நாவைக் கொண்டு நாட்டுப்பற்றை அளப்பதா?

ருஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ருஷ்யாவின் எல்லைக்கு வெளியே பிறந்து வளர்ந்த வாலிபன் ஒருவன் அரசியல் பேசப் புகுந்தால், அவன் பேச்சை எழுதிக் கொடுத்தது மாஸ்கோவாகத்தான் இருக்க வேண்டும் என்ற அபிப்பிராயம் இன்று உலகமெங்கும் வேரோடிக் கிடக்கிறது. "அங்கே ருஷ்யர்கள் இருக்கிறார்கள், ஆகவே ருஷ்யாவுக்கு அங்கே உரிமை உண்டு" என்கிறார்கள் ஒரு சாரார். "அங்கே ருஷ்யர்கள் இருக்கிறார்கள், ஆகவே அந்த நாட்டுக்கு ஆபத்து உண்டு" என்கிறார்கள் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியாரும் ஒருவரையொருவர் ஜன்ம விரோதிகளாகக் கருதுகிறவர்கள். ஆயினும் இருவருடைய வாதமும் நிற்கும் அஸ்திவாரம் ஒன்றேதான். அந்த அஸ்திவாரம் பொய் என்பது என் கட்சி.

எஸ்தோனியாவை எடுத்துக்கொள்வோம். பால்டிக் கடலோரத்தில் சுமார் 13 லட்சம் மக்களே வாழும் சிறிய தேசம் அது. 1940-ல் சோவியத் யூனியன் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1949-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சில தினங்களுக்குள்ளாகவே 20,000-க்கு மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சைபீரியாவை நோக்கி ரயிலேற்றி அனுப்பியது. யுத்தத்துக்கு முன் ஜனத்தொகையில் 88 சதவீதமாக இருந்த எஸ்தோனியர்கள், 1989-ல் 62 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தார்கள். பிறந்த மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற பீதி அவர்கள் நெஞ்சில் குடிகொண்டதில் ஆச்சரியம் இல்லை. அந்த வேதனையை அற்பமென்று எண்ணுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. ஆனால், தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு தொழிலாளியின் பேரன், தான் பிறப்பதற்கு நாற்பது வருஷங்களுக்கு முன் நடந்த அக்கிரமத்துக்கு எவ்விதத்தில் உத்தரவாதி ஆவான் என்று கேட்பதற்கும் நமக்கு உரிமை வேண்டும்.

சுதந்திரம் திரும்பிய பிறகு, 1940-க்கு முன் பிரஜைகளாயிருந்தவர்களும் அவர்களுடைய சந்ததியாருமே பிரஜைகளென்று கொள்ளப்பட்டார்கள். ஏனையோர் மொழிப் பரீட்சையில் தேறி விண்ணப்பித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இதனால் 1992-ல் நாட்டின் ஜனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் குடியுரிமை நிர்ணயமாகாதவர்களாக நின்றார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பாஸ்போர்ட்டின் அட்டை சாம்பல் நிறமானது. அதனால் 'சாம்பல் பாஸ்போர்ட்டுக்காரர்' என்ற பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது. அந்த அட்டையை வைத்திருப்பவன் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. எந்த அரசியல் கட்சியிலும் அங்கத்தினனாகவும் முடியாது. கட்சியின் வாசலைச் சட்டத்தால் அடைத்துவிட்டு, 'இவன் ஏன் தெருவுக்கு வந்து கூச்சலிடுகிறான்?' என்று கேட்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

2007-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் தாலின் நகரில் நடந்தவற்றைத்தான் எல்லோரும் சாட்சியமாகக் கொண்டு வருகிறார்கள். 1947-ல் நகரின் நடுவே சோவியத் ஆட்சி நாட்டிய வெண்கலச் சிப்பாயின் சிலையை, அரசாங்கம் ராணுவ இடுகாட்டுக்கு மாற்றியது. எஸ்தோனியனுக்கு அது அடிமைத்தனத்தின் சின்னம். ருஷ்ய மொழிக் குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு ஹிட்லரை எதிர்த்துப் போரில் மடிந்த பாட்டனின் ஞாபகம். இரண்டு இரவுகள் கலகம் நடந்தது, கடைகள் சூறையாடப்பட்டன, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பிடிபட்டார்கள், இருபது வயது வாலிபன் ஒருவன் கத்திக்குத்துக்கு இரையானான். கலகத்தைத் திட்டமிட்டவர்கள் என்று நால்வர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களில் ஒருவன் பள்ளிப் படிப்பைக்கூடத் தாண்டாத பிராயத்தினன். அவன் மாஸ்கோவில் தோன்றிய 'நாஷி' என்ற இளைஞர் இயக்கத்தில் சேர்ந்திருந்தான் என்பது மெய். அந்த இயக்கத்திடம் எனக்குச் சிறிதும் மதிப்பில்லை என்பதும் மெய். ஆனால் 2009 ஜனவரியில் எஸ்தோனிய நீதிமன்றமே, குற்றம் ருஜுவாகவில்லை என்று நால்வரையும் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு அந்த நாட்டுக்குக் கீர்த்தி தருவது. எனினும் சிலையைப் பற்றிப் பேசுகிற ஒருவர்கூடத் தீர்ப்பைப் பற்றிப் பேசுவதில்லை. அந்நாட்களில் உரக்கக் குரலெழுப்பியவர்களில் பிற்பாடு மாஸ்கோவின் பக்கம் பகிரங்கமாகச் சாய்ந்தவர்கள் உண்டென்று எடுத்துக் காட்டுகிறார்கள். உண்டுதான். அந்தச் சிலருடைய நடத்தைக்கு அவர்களிடமே கணக்குக் கேளுங்கள். அதே மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த லட்சக்கணக்கானோரிடம் கேட்க வேண்டாம்.

நார்வா நகரத்தின் கதை இதைவிடப் பெரிது. அதைச் சொல்வார்தான் இல்லை. ருஷ்ய எல்லையிலேயே ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊர் 1944-ல் குண்டு வீச்சினால் தரைமட்டமாயிற்று. பழைய குடிகள் திரும்பி வர அனுமதிக்கப்படவில்லை. வேலைக்கு வந்து குடியேறியவர்களால் நிரம்பிய அந்நகரத்தில் இன்று நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ருஷ்யமே பேசுகிறார்கள். 1993-ல் பிரஜைகளல்லாதாரைக் குறித்த அந்நியர் சட்டம் என்ற ஒன்று பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது, நார்வாவும் அதன் அருகிலுள்ள சில்லாமயே நகரமும் கொதித்தெழுந்து, ஜூலை மாதத்தில் சுயாட்சி வேண்டுமா என்று தம் ஜனங்களிடம் வாக்கெடுத்தன. வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வேண்டுமென்றே சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்புச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நகரத்தின் தலைவர்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஜனாதிபதி லெனார்ட் மெரியும் தம் பங்குக்கு அந்தச் சட்டத்தில் உடனே கையொப்பமிட மறுத்து, ஐரோப்பிய ஸ்தாபனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுத் திருத்தச் செய்தார். ருஷ்யப் படை இன்னும் அந்த நாட்டை விட்டு முழுவதும் போகாத காலம் அது. மாஸ்கோவின் கையாட்களாக மட்டும் அந்த ஜனங்கள் இருந்திருந்தால், அதைக் காட்டிலும் நல்ல சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்த்திருக்குமா?

உக்ரேனிலிருந்து வரும் சாட்சியம் இன்னும் உறுதியானது. 1991 டிசம்பர் முதல் தேதியன்று சுதந்திரத்துக்காக எடுத்த வாக்கெடுப்பில், ருஷ்ய மொழி மேலோங்கிய தோனெத்ஸ்க் மாகாணத்தில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 83 பேருக்கு மேல் உக்ரேனின் சுதந்திரத்தையே விரும்பினார்கள். 2022-ல் படையெடுத்து வந்தவர்கள் ருஷ்ய மொழி பேசுவோரைக் காப்பதற்கே வந்ததாகச் சொன்னார்கள். அவர்களுடைய பீரங்கி முதலில் நொறுக்கியவை ருஷ்யம் பேசும் கார்கிவும் மரியுபோலும். அந்நாட்டுக்குத் தலைமை தாங்கி நின்ற ஜெலென்ஸ்கியே ருஷ்ய மொழிக் குடும்பத்தில் பிறந்தவர்தாம். இவ்வளவையும் கண்ணால் கண்ட பிறகும், நாவின் மொழியைக் கொண்டு நெஞ்சின் விசுவாசத்தை அளக்க முற்படுவோரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது நார்வா ஆற்றின் இரு கரைகளிலும் இரு கோட்டைகள் எதிரெதிரே நிற்கின்றன. சில ஆண்டுகளாக மே 9-ஆம் தேதியன்று எதிர்க்கரையில் ருஷ்யா பெரிய திரை கட்டி, வெற்றிவிழாவை இக்கரைக்குக் கேட்கும்படி ஒலிக்கச் செய்கிறது. இக்கரைக் கோட்டையிலோ புடினைப் போர்க் குற்றவாளி என்று சொல்லும் பதாகை தொங்கவிடப்படுகிறது. நடுவே இருக்கும் ஊர்ஜனங்களின் அபிப்பிராயத்தை இரு கரையும் கேட்கவில்லை. 2025 மார்ச்சு மாதம் எஸ்தோனியப் பாராளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ருஷ்யப் பிரஜைகளிடமிருந்து உள்ளூர்த் தேர்தல் வாக்குரிமையை எடுத்துவிட்டது. சாம்பல் பாஸ்போர்ட்டுக்காரர்களுக்கு அவ்வாண்டு அக்டோபர்த் தேர்தலோடு அது முடிந்தது. 2016 முதல் அத்தகையோருக்குப் பிறக்கும் குழந்தை பிறக்கும்போதே எஸ்தோனியப் பிரஜையாகிவிடுகிறது. இதற்காக அந்நாட்டை மனமாரப் பாராட்ட வேண்டும். எனவே ஒரே வீட்டில் பத்து வயதுப் பேத்தி பிரஜையாகவும், ஆயுள் முழுவதும் அதே ஊர் ஆலையில் நூல் நூற்ற பாட்டி யாருக்கும் சொந்தமில்லாதவளாகவும் இருக்கக் காண்கிறோம். அந்தப் பாட்டிக்காக ஒரு மனுவில் கையெழுத்து வாங்கப் படியேறிச் செல்லும் வாலிபனைப் பார்த்து, கதவைத் திறப்பவர் கேட்கும் முதற் கேள்வி இன்னமும், "உன்னை அனுப்பியது யார்?" என்பதுதான்.