ப்ரீபோன்னா தப்பா பாஸ்?

‘இன்டர்னல் டெஸ்ட் ப்ரீபோன்ட்’னு நோட்டீஸ் போர்டுல பார்த்தா நமக்கு வயிறு கலங்கும். பிளேஸ்மென்ட் கிளாஸ் எடுக்க வர்றவங்களுக்கோ அந்த வார்த்தையைப் பார்த்தாலே கலங்கும். ‘இங்கிலீஷ்ல அப்படி ஒரு வார்த்தையே கிடையாது’ என்று சிவப்பு மையால் சுழிப்பார்கள்.

இருக்கு மக்களே! 1913-லேயே நியூயார்க் டைம்ஸுக்கு ஒருத்தர் லெட்டர் போட்டு, போஸ்ட்போனுக்குப் போட்டியா ப்ரீபோன்னு ஒண்ணு வெச்சுக்கலாமேனு கேட்டிருக்கார். அங்கே பெருசா எடுபடலை. நாம கெட்டியா பிடிச்சுக்கிட்டோம். இன்னிக்கு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியில் ‘இந்திய ஆங்கிலம்’ என்ற அடையாளத்தோடு ஜம்முனு உட்கார்ந்திருக்கு.

வெள்ளைக்காரங்க ‘மூவ்டு ஃபார்வர்டு’ம்பாங்க. புதன்கிழமை மீட்டிங் ரெண்டு நாள் ஃபார்வர்டுன்னா திங்களா, வெள்ளியா? 2002-ல் வெளியான ஆய்வில் போரோடிட்ஸ்கி, ராம்ஸ்கர் என்ற இருவர் இதையேதான் கேட்டார்கள். பதில் சொன்னவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு நின்னாங்க. ப்ரீபோன்ல அந்தக் குழப்பமே இல்லை. தமிழ்லயும் போஸ்ட்போனுக்கு ‘ஒத்திவைப்பு’ ரெடியா இருக்கு. இதுக்கு? ‘முன்கூட்டியே நடத்துவது’னு மூச்சு வாங்குது.

ஒருவேளை நம்ம மதுரைக்கு ஒத்திவெச்சுத்தான் பழக்கமோ என்னவோ! மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர்தான் சித்திரைக்குக் கொண்டுபோனார் என்பார்கள். சித்திரைத் தேர் இன்னிக்கும் மாசி வீதியிலதான் ஓடுது. 2019 ஏப்ரல் 18-ல அதே தேரோட்டமும் லோக்சபா ஓட்டுப்பதிவும் ஒரே நாள்ல வந்துச்சு. தேதி போஸ்ட்போனும் ஆகலை, ப்ரீபோனும் ஆகலை. மதுரையில் ரெண்டு மணி நேரம் கூடுதலா, ராத்திரி 8 வரை ஓட்டுப்போட விட்டாங்க. அதுக்குப் பேர் எக்ஸ்டெண்ட்!

சரி, மேட்டருக்கு வருவோம். நம்மூர் கம்பெனிக்கு மெயில்னா ப்ரீபோன் தாராளமா எழுதலாம். வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்குன்னா ‘பிராட் ஃபார்வர்டு’ போட்டு, கூடவே தேதியையும் போட்டுடுங்க. அப்புறம் அந்த ‘டு’, ‘பை’ விவகாரம். ‘ப்ரீபோன்ட் பை டூ டேஸ்’னா ரெண்டு நாள் முன்னாடி. ‘ப்ரீபோன்ட் டு’ன்னா அடுத்து வர்றது புதுத் தேதி. நிறைய பேர் சறுக்குறது இங்கேதான், ஆனா இதை யாரும் சிவப்பு மையில சுழிக்கிறதில்லை.

கிளாஸ் ரெப்புகளே, இன்டர்வியூ தேதி மாறினா பழைய தேதி, புதுத் தேதி ரெண்டையும் கிழமையோட அனுப்புங்க. ராமநாதபுரத்துல இருந்து முதல் பஸ் பிடிச்சு வர்றவன், இன்டர்வியூ முடிஞ்ச ரெண்டாவது நாள் மாட்டுத்தாவணியில வந்து இறங்கக் கூடாது.