வயரை மாத்தாதேங்கோ, முதல்ல கைதட்டிப் பாருங்கோ

புதுசா வாங்கின செட்டில் அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டால் தலை இடிக்குது. நிப்பாட்டினால்தான் நிம்மதி. கடையில் போய்ச் சொன்னால் மூன்று பதில்தான் வரும்: "நூறு மணித்தியாலம் ஓடவிடுங்கோ, பழகிடும்." "வயரை மாத்துங்கோ." "அம்ப் காணாது." முதலாவதைக் கேட்டால் திருப்பிக் குடுக்கிற தவணை முடிஞ்சிடும். மற்ற இரண்டுக்கும் காசு போகும்.

காதுக் களைப்பின்ர காரணத்தைக் காசு குடுத்துத் தேட வேண்டியதில்லை. ஹோலுக்கு நடுவில நிண்டு ஒருக்காக் கையைத் தட்டுங்கோ. சத்தத்துக்குப் பின்னால கிணுங்கிற மாதிரி ஒரு வால் கேக்குதா? சீமெந்துச் சுவர், ரைல்ஸ் நிலம், கண்ணாடி ஷோகேஸ் எல்லாம் சேர்ந்து செய்யிற வேலை அது. மனிதக் காது 2000 தொடக்கம் 5000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளுக்குத்தான் மிகக் கூர்மை. வெறும் சுவர் அந்த ஒலிகளை விழுங்காமல் திருப்பி அடிக்குது. பாடுறவரின்ர சொல் தெளிவில்லாமல் போக, நாங்கள் சத்தத்தைக் கூட்டுறம். கூட்டக் கூட்ட சுவரும் கூட அடிக்குது.

"அப்ப செட்டில பிழையே இருக்காதோ?" எண்டு கேப்பீங்கள். இருக்கலாம், அதையும் சும்மா சோதிக்கலாம். ஸ்பீக்கரை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அதே பாட்டை அதே அளவில் போடுங்கோ. அங்க காதுக்கு இதமா இருந்தால் குற்றவாளி அறை. அங்கயும் குத்தினால், நல்ல ஹெட்போனில் அந்தப் பாட்டையே கேளுங்கோ. ஹெட்போனில் குத்தாட்டில் ஸ்பீக்கரையோ அம்பையோ சந்தேகப்படுங்கோ. அதிலயும் குத்தினால் பாட்டின் பதிவே பிழை. மெட்டாலிக்காவின் 'டெத் மக்னெற்றிக்' 2008இல் வந்தபோது, ஒலியை நசிச்சுப் போட்டார்கள் எண்டு ரசிகர்களே முறைப்பாடு செய்தார்கள். அதே பாட்டுகள் 'கிற்றார் ஹீரோ' விளையாட்டில் அந்தளவு நசியாமல் இருந்தன. அப்படிப்பட்ட பதிவை எந்த வயரும் திருத்தாது.

காரணம் அறையெண்டால் மருந்தும் மலிவு. நிலத்தில் தடிச்ச கம்பளம், ஜன்னலுக்குப் பாரமான திரை, பக்கச் சுவரில் புத்தக றாக்கை. ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியில் எடுங்கோ. ஒவ்வொண்டாச் செய்து, ஒவ்வொரு தரமும் கேளுங்கோ. எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினால் எது உதவினதெண்டு தெரியாது.

இது வெறும் ரசனைப் பிரச்சினையில்லை. 85 டெசிபலில் 8 மணித்தியாலம் கேக்கலாம் எண்டால், 94இல் 1 மணித்தியாலம்தான். "பழகிடும்" எண்டு சொல்லுறவர் எங்களைப் பழகச் சொல்லுறது இந்தச் சேதத்துக்குத்தான். கேள்விக்கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது.

இன்னொரு நட்டமும் இருக்கு. காது களைச்ச எத்தினையோ பேர், தங்களுக்குப் பாட்டில விருப்பம் குறைஞ்சுபோச்செண்டு நினைச்சுச் செட்டுக்குத் துணி போட்டு மூடி வைக்கினம். அந்தத் துணியை எடுத்துச் சுவரில தொங்கவிட்டிருந்தாலும் கொஞ்சம் பிரயோசனமா இருந்திருக்கும்.