கையொப்பமிட அதிபர் இல்லாத பிள்ளைகள்

நமுனுகுல மலைச்சரிவுகளில், லயன் அறையையே வகுப்பறையாக்கி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்கள் உண்டு. பாடசாலையை வெறுத்து ஒதுங்கியவர்கள் அல்லர். விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் தமிழில் உயர்தரம் வரை கற்பிக்கும் பாடசாலை தோட்டப்புறத்தில் அரிது. பதுளைக்கும் பண்டாரவளைக்கும் நாள்தோறும் போய்வர வீட்டில் வசதியில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றச் சட்டம் இடமளிக்கிறது. பல்கலைக்கழகக் கதவும் அவர்களுக்குச் சாத்தப்படவில்லை.

பின் தடை எது? பாடசாலை மாணவனுக்கு அதிபர் இருக்கிறார். விண்ணப்பத்தை அனுப்புகிறார், அடையாள அட்டைக்குச் சான்று தருகிறார், இறுதித் திகதியை நினைவூட்டுகிறார். வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு இவற்றைச் செய்பவர் யார்? விடியலில் கொழுந்துக் கூடையுடன் மலையேறும் தாயா? தோட்டத்துரையின் கையொப்பத்துக்கு ஒரு நாள், பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள். இரண்டும் சம்பளமில்லாத நாட்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்த சமூகத்துக்குப் பத்திரம் என்றாலே அச்சம் எழுவதில் வியப்பென்ன!

நிற்க. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. பின்தங்கிய மாவட்டம் என்ற பெயருக்கு நம் லயன்களும் காரணம். அதனால் வரும் இடங்களோ பட்டணத்துப் பாடசாலைகளைத் தாண்டி மலையேறுவது அபூர்வம். மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும், மூன்று தடவைகளே கணக்கில் கொள்ளப்படும் என்பதைக்கூட எடுத்துச் சொல்ல ஆளில்லாமல், முதல் வாய்ப்பை வீணே கழிப்பவர் எத்தனை பேர்!

மாதந்தோறும் சந்தா பெறும் தொழிற்சங்கங்களை நாம் கேட்கிறோம். பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைக்கு மாலை சூட்டிப் படம் எடுக்கிறீர்கள். புகுமுன் அவனுக்கு என்ன செய்தீர்கள்? பசறையில் ஒரு மேசை, விண்ணப்பம் நிரப்பித்தர ஓர் ஆள், தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்கள், கடந்தகால வினாத்தாள்கள். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு பயிலும் நம் பிள்ளைகள் விடுமுறையில் பாடம் சொல்ல வரமாட்டார்களா? நாம் அழைத்தோமா?

மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் ஒன்று. நியமிப்புப் பரிசோதனையை ஏட்டில் மட்டும் படித்து, அளவியைக் கண்ணாற் காணாமலே இரசாயனவியல் எழுதும் பிள்ளைக்குச் சனிக்கிழமைகளிலேனும் அரசாங்கப் பாடசாலையின் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுங்கள். அது மக்கள் பணத்தில் கட்டியது. தேயிலையின் பணமும் அதில் உண்டு.

பரீட்சை விண்ணப்ப அறிவித்தல் அடுத்து வெளியாகும் நாளில், பசறையிலுள்ள சங்கக் காரியாலயங்களில் எது திறந்திருக்கிறதென்று நேரில் சென்று பார்த்து எழுதுவோம்.