குடவோலைப் பெருமையும் பண்ணையாள் ஒப்போலையும்

குடியாட்சி என்றவுடன் உத்தரமேரூர்க் கல்வெட்டைத் தூக்கிக்கொண்டு வருவோர் பலர். முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறை விளக்கப்பட்டிருப்பது மெய்தான். ஆனால், அக் குடத்தில் எவர் பெயர் விழுந்தது? வரி செலுத்தும் நிலம் கால் வேலியேனும் வேண்டும். தன் மனையில் வீடு வேண்டும். மறை ஓதியிருத்தல் வேண்டும். அது பார்ப்பனர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் அவை. உழுதவன் பெயர் அங்கே ஓலையேறவில்லை. குடவோலைக் குறிப்பு அகநானூற்றிலேயே உண்டே! பெருமை பேச விழைவோர் அதைப் பேசட்டும்.

சோழநாட்டு உழவனின் மெய்யான குடவோலை 1952 சனவரியில்தான் வந்தது. 1946ஆம் ஆண்டுத் தேர்தலிலும் உடைமையோ வரியோ படிப்போ உடையார்க்கே ஒப்போலை. விடுதலை பெற்ற நாட்டின் முதற் பொதுத் தேர்தலிலோ 21 அகவை நிறைந்த எவர்க்கும் அது உண்டு. வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனிப்பெட்டி. அதன்மேல் அவர்தம் அடையாள ஓவியம். சாணிப்பாலும் சவுக்கடியும் கண்ட கீழத்தஞ்சைப் பண்ணையாள், சம்பா அறுவடை நாளில், பல நூறு வேலி ஆண்ட நிலக்கிழாருக்கு நிகராக ஒரு தாளை ஏந்தி அப் பெட்டிமுன் நின்றான். அந்நாளைய தாள்கள் வேட்பாளரை 'அபேட்சகர்' என்றெழுதின. தன்னிடம் கையேந்தி வந்தவனை எப்பெயரால் அழைப்பதென்றே உழவன் அறியாதபடி செய்த மொழிநடை அது!

ஆயினும் அவன் தெளிவாகவே பேசினான். தஞ்சைத் தொகுதியில் பேராயக் கட்சியின் வெங்கட்டராமன் வென்றார். மாயூரம் என வடமொழிப் பெயர் ஒட்டிக்கிடந்த மயிலாடுதுறையிலோ பொதுவுடைமைக் கட்சியின் ஆனந்த நம்பியார் நாடாளுமன்றம் சென்றார். (அவ்வூர் தன் பெயரை மீட்க 1982 வரை காத்திருந்தது.) சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் பேராயக் கட்சிக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. முதலமைச்சர் குமாரசாமி இராசாவே தோற்றார்.

மக்கள் வேண்டா என்றபின் நடந்தது என்ன? தேர்தலில் நில்லாத இராசகோபாலாச்சாரியாரை ஆளுநர் சிரீபிரகாசா சட்ட மேலவையில் அமர்த்தினார். 1952 ஏப்பிரல் 10இல் அவரே முதலமைச்சர்! பி. இராமமூர்த்தி உயர்முறைமன்றம் வரை சென்றும் வழக்கு நிற்கவில்லை. கோடி மக்கள் வரிசையில் நின்று இட்ட தாள்களை ஆளுநரின் ஒரு தாள் வென்றது. இதற்கோ குடியாட்சி என்று பெயர்?

தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை 1952இல் அவரன்றோ கொணர்ந்தார் என்பர். கொணர்ந்தார், மறுப்பாரில்லை. குத்தகை உழவர்க்கு விளைவில் ஐந்தில் இருபங்கு என்றது அச் சட்டம். ஆனால், அது அருளிக் கொடுத்ததன்று. சிற்றூர்தோறும் எழுந்த உழவர் போராட்டமும் பெட்டியில் விழுந்த ஒப்போலையும் பறித்துக் கொடுத்தது. அருளின் அளவை மறு ஆண்டே கண்டோம். 1953இல் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளுக்குப் பள்ளி அரைநாள் போதும், எஞ்சிய பொழுது பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. பண்ணையாளின் பெற்றோர் தொழில் யாது? ஒரு கையால் நிலக்கிழாரிடமிருந்து அவனைக் காத்து, மறு கையால் அவன் மகனை அதே வயலுக்கு அனுப்பிய திட்டம் அது.

1954இல் அத் திட்டமும் வீழ்ந்தது, அவரும் விலகினார். அவர்க்குப்பின் வந்த காமராசர்க்கும் மேலவை வழி திறந்தே கிடந்தது. அவரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, மக்களின் ஒப்போலை பெற்றே சட்டமன்றத்துள் நுழைந்தார்.