வயிற்றுக்குள் 'டைம் பாம்': இங்கிலாந்தில் அடங்கியது எப்படி?

லண்டன்:
வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி, ஒருநாள் திடீரென வெடித்து ஆளையே கொன்று விடும் நோய் இங்கிலாந்தில் மளமளவென குறைந்து வருகிறது. புது மருந்து எதுவும் வந்து விடவில்லை. ஆண்கள் சிகரெட்டை விட்டதுதான் முக்கிய காரணம் என்கிறார்கள் டாக்டர்கள்.

இதயத்தில் இருந்து இறங்கும் மகா தமனி, வயிற்றுப் பகுதியில் சாதாரணமாக 2 செ.மீ. அகலம் இருக்கும். 3 செ.மீ. ஆனால் வீக்கம். 5.5 செ.மீ. வந்தால் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள். அதுவரை பெரும்பாலும் வலி கிடையாது. ஆள் பாட்டுக்கு வேலைக்கு போய் வந்து கொண்டிருப்பார். வெடித்து விட்டால் 10 பேரில் 8 பேர் பிழைப்பதில்லை.

விஞ்ஞானி ஐன்ஸ்டீன் 1955-ல் இறந்ததும் இதனால்தான். 1948-ல் அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டர், வீக்கத்தின் மேல் செலோபேன் தாளை சுற்றி விட்டார். அந்த கண்ணாடி காகிதம்தான் 7 வருடம் தாங்கியது!

100-க்கு 5 பேர்

1997 முதல் 1999 வரை இங்கிலாந்தில் 65 முதல் 74 வயது வரை உள்ள சுமார் 67,800 ஆண்களை ஆய்வில் சேர்த்தார்கள். பாதி பேரை மட்டும் ஸ்கேனுக்கு அழைத்தார்கள். வந்தவர்களில் 100-க்கு 5 பேருக்கு வீக்கம் இருந்தது. சுமார் 4 ஆண்டுகளில் அழைக்கப்பட்டவர்களில் 65 பேரும், அழைக்கப்படாதவர்களில் 113 பேரும் இந்த நோய்க்கு பலியானார்கள்.

2002-ல் வந்த இந்த முடிவுக்கு பிறகுதான் அரசு கண் விழித்தது. 65 வயதை தொடும் ஆண்களுக்கு இலவச ஸ்கேன் 2009-ல் தொடங்கி, 2013-ல் இங்கிலாந்து முழுவதும் வந்தது. முதல் 5 வருடத்தில் 100-க்கு 1.3 பேர் சிக்கினார்கள். இப்போது ஒருவர் கூட தேறுவதில்லை. பழைய ஆய்வில் 74 வயதுக்காரர்களும் இருந்ததால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் சரிவு நிஜம்.

1974-ல் பிரிட்டனில் ஆண்களில் பாதி பேர் சிகரெட் பிடித்தார்கள். 2023-ல் ஆண், பெண் சேர்த்து 100-க்கு 12 பேர்தான். இளமையில் ஊதிய புகை 65 வயதில்தான் கணக்கு கேட்கும். அதனால் பலனும் மெதுவாகவே தெரிகிறது.

ஸ்கேன் இனி தேவையா?

நோயே குறைந்த பிறகு எல்லோருக்கும் ஸ்கேன் எதற்கு என்ற பேச்சு இப்போது எழுந்துள்ளது. அமெரிக்காவில் 65 முதல் 75 வயது வரை உள்ள, எப்போதாவது புகை பிடித்த ஆண்களுக்குத்தான் முக்கியமாக சிபாரிசு செய்கிறார்கள்.

ஆனால் திட்டத்தில் கை வைத்தால் அடி விழப்போவது ஏழைகளுக்குத்தான். அவர்கள் வசிக்கும் பகுதிகளில்தான் நோய் அதிகம், ஸ்கேனுக்கு வருபவர்களும் குறைவு. பெண்களை அழைப்பதே இல்லை. அவர்களுக்கு இந்த நோய் குறைவுதான், ஆனால் வந்தால் சிறிய வீக்கமே வெடித்து விடும் ஆபத்து அதிகம்.

இந்தியாவில் இப்படி ஒரு தேசிய ஸ்கேன் திட்டம் கிடையாது. 2016-17 கணக்கெடுப்பின்படி இங்கே பெரியவர்களில் 100-க்கு சுமார் 8 பேர் பீடி பிடிக்கிறார்கள். பல வருடம் புகை பிடித்து 65-ஐ தாண்டியவர்கள், அப்பா அல்லது அண்ணன், தம்பிக்கு இந்த வீக்கம் இருந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு வயிற்றில் அல்ட்ரா சவுண்டு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிட வேலைதான்.