வீட்டு வரிச்சலுகை: வாடகை வீட்டில் வாழ்வோருக்கு என்ன பங்கு?

2025 நவம்பர் 4 அன்று நடைபெற்ற வாக்கெடுப்பில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில வாக்காளர்கள் 13ஆம் எண் முன்மொழிவைப் பெருவாரியாக ஆதரித்தனர். சொந்த வீட்டில் வசிப்போருக்குப் பள்ளி வரியைக் கணக்கிடும்போது, வீட்டின் மதிப்பிலிருந்து 1,40,000 டாலர் இனி கழிக்கப்படும். 2023 வாக்கெடுப்புக்கு முன் 40,000 டாலராக இருந்த இக்கழிவு, அவ்வாக்கெடுப்பால் 1,00,000 டாலராக உயர்ந்திருந்தது.

இதில் நியாயமான கூறு ஒன்று உண்டு. எல்லா வீடுகளுக்கும் ஒரே தொகை கழிக்கப்படுவதால், மாளிகையின் வரியைக் காட்டிலும் சிறுவீட்டின் வரி அதிக விகிதத்தில் குறைகிறது. ஆனால் வாடகைக்கு விடப்படும் வீட்டுக்கு இக்கழிவு கிடையாது. டெக்சாஸ் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை வாடகை வீட்டில் வாழ்பவை. உரிமையாளர் செலுத்தும் சொத்து வரியில் ஒரு பகுதியேனும் வாடகையாக இவர்கள் தலையிலேயே விழுகிறது.

பள்ளிகள் இழக்கும் தொகையை மாநிலக் கருவூலம் ஈடுசெய்கிறது. தனிநபர் வருமான வரி இல்லாத டெக்சாஸில் கருவூலத்தின் முதன்மையான வரி வருவாய் விற்பனை வரியாகும். அதைப் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் செலுத்துகின்றனர். ஆகவே, சொந்த வீடு உடையோர் பெறும் சலுகைக்குச் சொந்த வீடு இல்லாதோரும் பணம் தருகின்றனர்.

சொந்த வீடு இல்லாதோர் யார் என்பதை வரலாறே தீர்மானித்தது. 1930களில் கூட்டாட்சி அரசின் நிறுவனம் தயாரித்த நகர வரைபடங்கள், கறுப்பின மக்களின் குடியிருப்புகளைச் சிவப்பு வண்ணத்தால் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தான பகுதிகள் என முத்திரையிட்டன. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968இல்தான் வந்தது. இன்றும் அந்நாட்டில் வெள்ளையினக் குடும்பங்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை சொந்த வீட்டில் வாழ்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் அது பாதியைக்கூட எட்டவில்லை.

சலுகைச் சட்டத்தில் இனத்தின் பெயர் எங்கும் இல்லை. உடைமையை மட்டும் தகுதியாக்கினால் போதும். பழைய விலக்கல் தானாகவே தொடரும். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. மின்னசோட்டா மாநிலம், குறைந்த வருமானமுள்ள வாடகைதாரர் செலுத்தும் வாடகையில் ஒரு பகுதியைச் சொத்து வரியாகவே கருதி, அவர்களுக்கும் வரித்தொகையைத் திருப்பித் தருகிறது.

எந்த வரிச்சலுகை அறிவிக்கப்பட்டாலும், எவ்வளவு குறைகிறது என்பதோடு நம் விசாரணை நின்றுவிடலாகாது. அதைப் பெறுவதற்கான உடைமை யாருக்கு மறுக்கப்பட்டது, இழப்பை யார் ஈடுசெய்கிறார் என்ற இரு கேள்விகளையும் எழுப்புவதே சமூகநீதிப் பார்வையாகும்.