நீளம் குற்றமன்று

பெரம்பூர் இரயில் நிலைய நடைமேடையில் நின்று, விரைந்து கடக்கும் தொடர்வண்டியின் கடைசிப் பெட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பின்புறத்தில் பெரியதொரு பெருக்கல் குறி தீட்டப்பட்டிருக்கும். பெட்டிகள் பத்தாயினும் இருபதாயினும், அக்குறியைக் கண்ட பின்னரே வண்டி முழுமையாகக் கடந்துவிட்டதென நிலையப் பணியாளர் உறுதிசெய்வர். 1955இல் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் அருகே வாழும் மக்களிடம், நீளமான வண்டி பழுதான வண்டி என்று சொன்னால் நகைப்பர். பெட்டிகளுக்கிடையே இணைப்பு உண்டா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

தமிழ்த் தொடரில் அக்கடைசிக் குறியின் இடத்தில் நிற்பது வினைமுற்று. அது வந்தால் தொடர் முடிந்தது என்று பொருள். அதற்கு முன் எத்தனை எச்சங்கள் வந்தாலும் இலக்கணம் தடுப்பதில்லை.

விடைத்தாள் திருத்தும் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நான்கு வரிகளைக் கடந்தும் முற்றுப்புள்ளி வராவிடில், சிவப்பு மையால் கோடிட்டு, 'சிறு தொடர்களாக எழுதுக' என்று ஓரத்தில் குறித்துவிடுவோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறு குறித்தவனே. அக்குறிப்பு பாதியளவே சரி என்று இன்று கருதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையொட்டிய வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை அறிவீர்கள். அப்பகுதி இளைஞர் ஒருவர் தம் ஊருக்காக மனு எழுதுகிறார் என்று கொள்வோம்.

"புயல் அடித்தது, வெள்ளம் வந்தது, கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, வலைகள் பாழாயின, கடலுக்குப் போகவில்லை, கடன் வாங்கினோம்."

அதையே அவர் இப்படியும் எழுதலாம்:

"புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் வந்து பரவி, கரையில் கட்டியிருந்த படகுகளிலும் வலைகளிலும் படிந்து, அவற்றைப் பயன்படுத்த இயலாதவாறு பாழாக்கியதால், கடலுக்குச் செல்ல வழியின்றி, அன்றாடச் செலவுக்கும் கடன் வாங்க நேர்ந்த எங்களுக்கு உரிய இழப்பீடு வழங்குமாறு வேண்டுகிறோம்."

இரண்டாவது, முதலாவதைவிட இருமடங்குக்கும் மேல் நீண்டது. ஆயினும் பிழையுடையது முதலாவதே. அதில் ஆறு வினைமுற்றுகள் உள்ளன. ஆறு தொடர்கள் கால்புள்ளியால் ஒட்டப்பட்டு ஒரே தொடர்போல் நிற்கின்றன. இரண்டாவதில் 'வேண்டுகிறோம்' என்னும் ஒரு முற்றே உண்டு.

இது வெறும் மதிப்பெண் பற்றிய செய்தியன்று. வலைகள் எதனால் பாழாயின? முதல் மனுவில் இதற்கு விடை இல்லை. 'வெள்ளத்தால்தானே?' என்று அலுவலர் கேட்டால், மனுவைக் காட்டி மறுக்க இயலாது. இயற்கைச் சீற்றத்திற்கான நிவாரணம் வேறு. எண்ணெயால் நேர்ந்த கேட்டிற்கான இழப்பீடு வேறு. 'பாழாக்கியதால்' என்பதன் ஈற்றிலுள்ள 'ஆல்' என்னும் சிறு உருபே அவ்வூர் மக்களின் வழக்கு முழுவதையும் தாங்குகிறது. முதல் மனுவின் கால்புள்ளிகளை எல்லாம் முற்றுப்புள்ளிகளாக மாற்றினால் இலக்கணப் பிழை நீங்கும். காரணம் அப்போதும் வாராது. எங்கள் சிவப்பு மைக் குறிப்பின் குறை அதுதான்.

கால்புள்ளியைச் சற்று அளவுக்கு மீறி நம்புகிறோம். ஏட்டுச்சுவடிகளில் இன்றுள்ள நிறுத்தற்குறிகள் இல்லை. அவை ஐரோப்பியர் வழியே அச்சோடு நம் உரைநடையில் நிலைபெற்றவை. குறிகள் இல்லாத காலத்தும் தொடரின் முடிவை முற்று காட்டிற்று. இடையுறவை எச்சமும் உருபும் காட்டின. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, வெற்றிகளை அடுக்கி நெடிது சென்றும் சிதறாமல் அவன் பெயரிலும் ஆட்சியாண்டிலும் வந்து சேர்வதைக் காண்க. (கிரயப் பத்திரங்களும் நெடுந்தொடர்களே. அவற்றை எவரும் மகிழ்ந்து படிப்பதில்லை என்பது வேறு.)

நெடுந்தொடரில் இடறும் இடமும் உண்டு. 'ஆலைச் சங்கு ஒலித்து, தொழிலாளர் வெளியேறினர்' என்று எழுதினால், ஒலித்தவர் தொழிலாளர் ஆகிவிடுவர். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. 'சங்கு ஒலிக்க, தொழிலாளர் வெளியேறினர்' என்றால் குற்றமில்லை. 'செய' என்னும் எச்சம் பிறிதொரு வினைமுதலையும் ஏற்கும்.

பழம்பாடல்களில் முற்றுகள் அடுத்தடுத்து வருகின்றனவே என்று நீங்கள் வினவக்கூடும். அங்கே முற்று எச்சப்பொருளில் வருவது உண்டு. அதனை முற்றெச்சம் என்பர். அது செய்யுள் மரபு, மனுவுக்குப் பொருந்தாது. உரைநடையிலும், விரைவைக் காட்ட, 'வந்தான், கண்டான், திரும்பினான்' என அடுக்குவது உண்டு. அங்கே அரைப்புள்ளி இடுக.

இப்போதெல்லாம் விடைத்தாளின் ஓரத்தில் 'முற்றுகளை எண்ணுக' என்றே குறிக்கிறேன். சென்ற ஆண்டு மாணவி ஒருவர் தம் பத்தியில் ஒன்பது முற்றுகளைக் கண்டறிந்து, ஐந்தை எச்சமாக்கி, எஞ்சிய நான்கினிடையே ஈரிடத்தில் முற்றுப்புள்ளியும் ஓரிடத்தில் அரைப்புள்ளியும் இட்டு வந்து காட்டினார். அந்த அரைப்புள்ளி தேவையா என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் உடன்பாடில்லை.